சீனி நினைவுக் கோப்பை

செத்துப்போன குதிரைக்குப் பந்தயத்தில் பேர் கொடுக்கப் போன முதல் ஆள் நான்தான் என்று கன்னிவாடியில் இன்னமும் சொல்கிறார்கள். சொல்லட்டும். குதிரை சாகவே இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதில் ருசி இல்லை போலிருக்கிறது.

சீனி என் பெட்டைக் குதிரை. குதிரை வண்டிப் பந்தயத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை முந்திய குதிரைகள் குறைவு. போன வருஷம் நெய்க்காரப்பட்டிப் பந்தயத்தில், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், இடது முன்னங்கால் விட்டுப்போனது. முட்டிக்குக் கீழே எலும்பில் நெட்டுக்குத்தாகக் கீறல். உடனே ஊரில் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். ஒருத்தன் முட்டைப் பத்துப் போடச் சொன்னான். ஒருத்தன் மூங்கில் வைத்துக் கட்டச் சொன்னான். கட்டுகிறவன் அவன் மச்சான். விழாக் கமிட்டித் தலைவர் முருகேசன் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. "குதிரைக்குக் கால் போனா குழிதாண்ணே" என்று ஆறுதல் சொன்னார்.

வண்டி ஓட்டுகிறவன் என் தம்பி மகன் பாண்டியராஜ். குதிரைக் காலுக்கு ஸ்குரு வைக்கிற கால்நடை ஆஸ்பத்திரி ஒன்றைப் போனில் தேடிக் கண்டுபிடித்தான். போனில் வருகிற எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் முருகேசன் குழி என்றாரே, அதற்காகவே லாரி பிடித்தேன்.

அங்கே டாக்டர் அறிவுச்செல்வி காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூணு ஸ்குரு வச்சு எலும்பை இறுக்கணும்" என்றார்.

"கதவுக்கு வைக்கிற மாதிரியாம்மா?"

"கதவுன்னா எனக்குப் பயமே இல்லை ஐயா. கதவு மயக்கம் தெளிஞ்சு எந்திரிச்சு உதைக்காது."

வேலையை விட வேலை முடிந்த பிறகுதான் ஆபத்தாம். எழுந்திருக்கும்போது துள்ளி விழுந்தால், சேர்த்த கால் மறுபடி முறியுமாம். தப்பித்துக்கொள்ள இப்போதே வழி வைக்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் பொய்யாகத் தைரியம் சொல்லாதது பிடித்திருந்தது.

மயக்க ஊசி போட்டு, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, சங்கிலியில் தூக்கி மேசைக்குக் கொண்டுபோனார்கள். மண்டியில் தொங்குகிற வாழைத்தார் மாதிரி தலைகீழாகத் தொங்கினாள். நாக்கு வெளியே கிடந்தது. அதைப் பாண்டியராஜ் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான். 'சீனி பிழைக்க வேண்டிக்கொள்ளுங்கள்' என்று கீழே எழுதினானாம். எழுதினதை எவன் படிக்கிறான்? படத்தைப் பார்த்தார்கள்.

வேலை முடிந்ததும் தலையில் ஒரு கயிறு, வாலில் ஒரு கயிறு பிடித்து எழுப்பினார்கள். தடுமாறினாள், நின்றுவிட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் என் சட்டைப் பையில் வெல்லம் தேட ஆரம்பித்தாள்.

கட்டுப் போட்ட காலோடு அவளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினால், பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்குப் பிளெக்ஸ். 'கண்ணீர் அஞ்சலி. எங்கள் மண்ணின் மகள் சீனி.' மூலையில் சின்னதாகக் குதிரை. நடுவில் கும்பிட்டபடி பெரிசாக முருகேசன். விவரம் தெரியாத ஆள் முருகேசனுக்குத்தான் மாலை போட்டுவிட்டுப் போவான்.

லாரியிலிருந்து சீனி எட்டிப் பார்த்தாள். "பாவம், மனசு கேக்காம அதே நெறத்துல வேற குதிரை வாங்கிட்டாரு" என்றார்கள். இதுதான்டா சீனி என்றேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். டீ என்ன பாவம் செய்தது?

மாசக்கணக்கில் கொட்டடியில் நிறுத்தி வைத்தோம். பிறகு கையில் பிடித்து நடத்தினோம். பிறகு மெல்ல ஓட்டிப் பெருநடை பழக்கினோம். கடைசியில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு சேர்ந்துவிட்டது, ஓடலாம் என்றார்.

"ஆனா தார் ரோடு வேண்டாம் ஐயா."

"எங்க ஊர்ல பந்தயமே தார் ரோட்டுலதாம்மா. மெத்தை போட்டா விடுறாங்க?"

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப ஓடி முடிச்சதும் காலைத் தொட்டுப் பாருங்க. அந்தக் கால் மட்டும் சூடா இருந்தாலோ, நொண்டினாலோ, இனிமே ஓட்டமே கிடையாது."

ஓட்டம் கிடையாது என்றால் சீனி என்னிடம் கிடையாது. சும்மா நிற்கிற குதிரைக்குக் கொள்ளு போட என்னால் ஆகாது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரி விடுகிற அக்மல் பாயிடம் பாண்டியராஜ் ஏற்கெனவே விலை பேசி வைத்திருந்தான். எங்கள் ஊர்ப் பந்தயத்தில் ஓடினால் சீனி எனக்கு. இல்லையென்றால் மலையில் புதுமாப்பிள்ளைகளைச் சுமக்கப் போவாள். அக்மல் கயிற்றோடு பந்தயத்துக்கே வந்துவிட்டார்.

பந்தய மேடையில் சீனியின் படம். செண்டுமல்லி மாலை. முன்னால் விளக்கு. மேலே பெரிய எழுத்தில் 'சீனி நினைவுக் கோப்பை'. ஒட்டன்சத்திரம் மண்டி வரைக்கும் போய் நன்கொடை வாங்கியிருந்தார் முருகேசன். பேர் எழுதுகிற நோட்டும் அவர் கையில்தான்.

"குதிரை பேரு என்னண்ணே?"

"சீனி."

"அண்ணே, சீனி நெனவாத்தான் பந்தயமே நடக்குது. அதுல சீனியே எப்படிண்ணே ஓடும்?"

எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினேன். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எங்க மாமியா காலும் இப்படித்தான் இருந்துச்சு."

"ஒம் மாமியா குளம்போடயா நடக்குறா?"

"செத்துப்போச்சுன்னு சொல்லி வசூல் பண்ணியாச்சுண்ணே. இப்ப உசுரோட வந்து நின்னா கமிட்டிக்கு என்ன மரியாதை?"

"அதுக்கு? கொன்னு கூட்டியாரவா?"

அக்மல் சிரித்துவிட்டார். பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு கையில் மெட்டல் டிடெக்டர் இருந்தது. "ஏட்டய்யா, அதைக் கொஞ்சம் கால்ல வைங்களேன். ஸ்குரு இருந்தா கத்துமே" என்றார் அக்மல்.

ஏட்டு குளம்புக்குப் பக்கத்தில் வைத்தார். கத்தியது.

"லாடம்யா அது! எல்லாக் குதிரைக்கும் கத்தும்" என்றார் முருகேசன். அவர் வாயிலிருந்து உண்மை வந்தது அந்த ஒரு தடவைதான்.

"லாடத்தை விட்டு மேல வைங்க" என்றார் அக்மல். வலது காலில் சத்தமில்லை. இடது காலில் அதே உயரத்தில் வைத்ததும் கீங்கென்று கத்தியது. கூட்டம் விசிலடித்தது. ஏட்டு மட்டும் ஒரு அடி பின்னால் போய், "வெடிக்கிற சாமான் இல்லையே?" என்று கேட்டார்.

முருகேசன் விடவில்லை. "இரும்புக் காலோட ஓடுனா மத்த குதிரைக்கு அநியாயம்ல?"

"அப்ப ஒம் பல்லுல இருக்கிற தங்கத்தக் கழட்டி வச்சிட்டு மைக்குல பேசு."

அதற்குள் கூட்டம் சீனி, சீனி என்று கத்த ஆரம்பித்துவிட்டது. செத்த குதிரை ஓடுவதைப் பார்க்காமல் எவன் வீட்டுக்குப் போவான்? முருகேசன் கூட்டத்தைப் பார்த்தார், பேரை எழுதிக்கொண்டார்.

ஓட்டத்தை நான் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டருகே நின்று, வருகிற கால்களில் அந்த ஒரு காலை மட்டும் தேடினேன். ஒரு வண்டி போனது. இன்னொன்று போனது. அப்புறம் அந்தக் கால் வந்தது. மற்ற மூன்று கால் மாதிரியே ஊன்றியது, எடுத்தது, ஊன்றியது. மைக்கில் முருகேசன் அலறினார்: "மூன்றாவதாக எல்லையைத் தொடுவது… மறைந்த சீனி!"

பாண்டியராஜ் வண்டியை நிறுத்தியதும் உட்கார்ந்து காலைப் பிடித்தேன். சுட்டது. அக்மல் எதிர்ப்பக்கம் குந்தி வலது காலைப் பிடித்தார். இடத்தை மாற்றிக்கொண்டு மறுபடி பிடித்தோம். விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே நேரத்தில் பொய் சொல்ல முடியாது.

"ரெண்டும் ஒரே சூடுதான் பெரியவரே. ஓடுன சூடு. செத்த நேரத்துல ஆறிரும்."

"நொண்டுதா?"

"நீங்கதான் நொண்டுறீங்க." கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "மலைக்கு நான் வேற கிழட்டுக் குதிரையாப் பாத்துக்கிறேன்."

கால் ஆறும் வரை அவளை நடத்தினேன். ஆறியது. ஒரு எட்டுகூடப் பிசகவில்லை.

முதல் பரிசுக் கோப்பையை மறைந்த குதிரையின் குடும்பத்தார் வழங்க வேண்டும் என்று முருகேசன் மைக்கில் அழைத்தார். குடும்பத்தோடு போனேன். சீனியும் மேடையோரம் வந்து நின்றாள்.

"பரிசளிப்புக்கு முன்னாடி, சீனியின் ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி" என்றார் முருகேசன். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றினார். ஒரு சத்தமில்லை. சீனி மட்டும் கழுத்தை நீட்டித் தன் படத்திலிருந்த மாலையை இழுத்து, நறுக் நறுக்கென்று மென்றுகொண்டிருந்தாள்.