மூன்றாவது கடிதம்

"கேக் வெட்டிக் குடுத்தாரா இல்லையா, அதச் சொல்லு முதல்ல."

"அம்மா, கடுதாசி எழுதறேன்னாரும்மா. என் காதால கேட்டேன், 'உனக்கு இல்லாமலா'ன்னு..."

"கேக் குடுத்தாரான்னு கேக்கறேன்."

"குடுத்தாங்க. ஓப்பல் அத்தை ஆப்பிள் அடுக்கு கேக் வெட்டிக் குடுத்தாங்க. அதுக்கென்ன இப்ப?"

"போச்சு."

"எது போச்சு? நீ எப்பவும் இப்படித்தான், நான் ஒரு நல்லது சொல்ல வந்தா..."

"கேள்வி ஏதாச்சும் கேட்டாரா? என்ன எழுதணும், எப்ப வேணும், யாருக்கு அனுப்பணும்னு?"

ஷெல்பி யோசித்துப் பார்த்தாள். ஓப்பல் அத்தையின் கணவர் ஆர்வில் கூம்ஸ் கடிதத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காரில் எண்ணெய் மாற்றினாயா என்று கேட்டார். டயர்களைக் காலால் தட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"எழுதறவன் கேள்வி கேப்பான்டி. எழுதாதவன்தான் கேக் குடுத்து அனுப்புவான். மூணு வருஷம் காலேஜ்ல இருந்ததுல இதுகூடவா மறந்துபோச்சு?" என்றாள் அம்மா ரோண்டா. கடையில் வாங்கிய கேன் தண்ணீரைச் சாய்த்து உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் இருந்தது. குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர்.

ரோண்டா சொன்னது பொய்யில்லை. கெண்டக்கியின் கிழக்கு மலைகளில், எங்கள் பள்ளத்தாக்கில், வாசலுக்கு வந்து உதவி கேட்டவரிடம் யாரும் 'முடியாது' என்று சொல்லமாட்டார்கள். உட்காரவைப்பார்கள், சாப்பிடச் சொல்வார்கள், "அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்பார்கள். கேட்டவர்தான் அந்தச் சொல்லை எடை போட்டுப் பார்க்கவேண்டும். லேசாக இருந்தால் இரண்டு நாள் கழித்து, "வேற ஏற்பாடு ஆயிடுச்சு, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்று, ஒப்புக்கொண்டவரை விடுவிக்கவேண்டும். இரண்டு பேர் முகமும் கெடாது.

ஷெல்பிக்கு வேறு ஏற்பாடு கிடையாது. சுற்றுச்சூழலுக்காகவும் ஊருக்காகவும் உழைத்த மாணவர்களுக்கென்று நாடு முழுவதற்குமாக ஒரு உதவித்தொகை இருக்கிறது. அவளுடைய கல்லூரி இரண்டு பெயர் அனுப்பலாம். ஐந்து பேர் கேட்டிருந்தார்கள்; அதில் இரண்டு பேரைக் கல்லூரியின் தேர்வுக்குழு பொறுக்கும். அது கிடைத்தால்தான் அவளுக்குக் கடைசி வருடப் படிப்பு. இல்லாவிட்டால் மே மாதத்தோடு திரும்பி வந்து, நெடுஞ்சாலை ஓரத்து மலிவு விலைக் கடையில் சாமான் அடுக்கவேண்டியதுதான். விண்ணப்பத்துக்கு மூன்று கடிதம். பேராசிரியர்கள் இருவரும் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது, அவள் எந்த ஊருக்கு உழைத்தாளோ அந்த ஊரில் பொதுப்பதவியில் இருக்கும் ஒருவர் எழுதவேண்டும். அங்கே பதவி என்று இருந்தது குடிநீர் வாரியத் தலைவர் பதவி ஒன்றுதான். அது ஆர்வில் கூம்ஸிடம் இருந்தது.

அவள் உழைத்தது இதற்குத்தான்: நிலக்கரி கழுவும் ஆலைக்குப் பின்னால் கருப்புத் தண்ணீர் தேங்கிய ஒரு பெரிய குட்டை இருந்தது. இரண்டு கோடைகாலம் அவள் வீடு வீடாகப் போய் நாற்பத்தோரு கிணற்றிலிருந்து சீசாக்களில் தண்ணீர் எடுத்து, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மாநில அரசுக்கு அனுப்பினாள். குட்டை கசிகிறது என்று ஆதாரத்தோடு காட்டினாள். அதிகாரிகள் வந்தார்கள். குட்டையைச் சரிசெய்யச் சொன்னார்கள். ஆலைக் கம்பெனி சரிசெய்யவில்லை. திவால் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. தொண்ணூற்று மூன்று பேருக்கு வேலை போயிற்று. அதில் ஷெல்பியின் அப்பா ஒருவர், ஆர்விலின் மகன் ஒருவன். குட்டை அங்கேயேதான் இருக்கிறது. கிணறுகளும் அப்படியேதான்.

"அவர விட்டுடு ஷெல்பி," என்றாள் ரோண்டா, கையைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்கு போன் பண்ணி, வேற ஆள் கெடச்சிடுச்சு மாமான்னு சொல்லு. அவரு பாவம்."

"அவரு பாவமா? நான்?"

"உன் அப்பா ஒஹையோவுல கார் கம்பெனிக்காரன் ஷெட்டுல ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு, நாலு பேரோட ஒரு ரூம்ல படுத்துக் கெடக்கறாரு. அவரும் பாவந்தான். பாவத்துக்கு வரிசை போட நான் உக்காரல."

"அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லமாட்டாரு. அவருதானே உன் சீசாவெல்லாம் லாரியில ஏத்தினது."

ஷெல்பி போன் பண்ணவில்லை, கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். திங்கள், செவ்வாய், புதன் போயிற்று. கல்லூரியில் இந்த விண்ணப்பங்களைக் கவனித்தவர் ஹால்வர்சன் மேடம். வடக்கே மினசோட்டாக்காரர், நல்லவர். புதன்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "மூணாவது இன்னும் வரலியே. வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட மூடிடுவாங்க. அவருக்கு ஒரு ஞாபகம் பண்ணிடேன்," என்றார்.

"எங்க ஊர்ல அப்படி ஞாபகப்படுத்தறது அவ்வளவு..."

"எழுதறேன்னு சொன்னார்ல?"

"சொன்னாரு மேடம்."

"அப்புறம் என்ன கூச்சம்? பெரிய மனுஷங்களுக்கு ஆயிரம் வேலை, மறந்திருப்பாரு. நாமதான் நாலு தடவை கேக்கணும். இதெல்லாமே தலைமைப் பண்புதான்." பிறகு ஒரு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "அப்படியே இதுல டிக் பண்ணிடு. கடிதங்களப் பாக்கற உரிமை எனக்கு வேண்டாம்னு. பாக்கமாட்டேன்னு சொன்னாத்தான் எழுதறவங்க மனசு திறந்து எழுதுவாங்க, தேர்வுக்குழுவும் நம்பும்."

ஷெல்பி டிக் பண்ணினாள். வியாழக்கிழமை காலை வகுப்புக்கு வெளியே நின்று வாரிய அலுவலகத்துக்கு போன் பண்ணினாள்.

"ஆர்வில் மாமா, நான் ஷெல்பி."

"அடடே, தங்கம்! கார் எப்படி ஓடுது?"

"ஓடுது மாமா. அந்தக் கடுதாசி..."

"ம்."

"நாளைக்கு அஞ்சு மணிதான் கடைசி மாமா."

"நாளைக்கா." மேசை இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "ஏம்மா, பெரிய காலேஜ்ல படிக்கறே. டவுன் மேயர், கீயர்னு யாராச்சும் எழுதினா இன்னும் எடுப்பா இருக்குமே? நான் பத்தாங்கிளாஸ் படிச்சவன்."

தன்னை விடுவிக்கச் சொல்லிக் கதவைத் திறந்து வைத்தார் மனிதர். அவள் அந்த வழியாகப் போயிருக்கலாம்.

"உங்கள விட்டா எனக்கு ஆள் இல்ல மாமா. நீங்க எழுதறேன்னு சொன்னீங்க."

இழுப்பறை மறுபடி திறந்தது.

"சொன்னேன்," என்றார். "சொன்னேன்தான். அப்ப எழுதணும். தேவாலயத்துல ஊழியம் பண்ற டீக்கன் நானு, உனக்குத் தெரியும். பொய் எழுத வராது."

"பொய் வேண்டாம் மாமா. உங்க மனசுல இருக்கறத எழுதுங்க, போதும்."

"சரிம்மா," என்றார். அந்த "சரி" கனமாக இருந்தது. அவளுக்கு அது சந்தோஷமாகப் பட்டது. உடனே அம்மாவுக்கு போன் பண்ணி, "எழுதறாரு! இன்னிக்கே!" என்றாள்.

"கட்டாயப்படுத்தினியா?"

"ஞாபகப்படுத்தினேன்."

"ஐயோ பொண்ணே," என்றாள் ரோண்டா.

வெள்ளிக்கிழமை நாலு மணி தாண்டிப் பத்து நிமிஷத்தில் கடிதம் வந்து சேர்ந்தது. ஹால்வர்சன் மேடம் திறந்து படித்தார். குழுவுக்கு அனுப்புமுன் எல்லாவற்றையும் சரிபார்ப்பது அவர் வேலை.

"ஷெல்பி ராட்லிஃபை அவள் பிறந்த நாளிலிருந்து தெரியும். தண்ணீரைப் பற்றி அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. என் வீட்டுக் கிணற்றை அவள்தான் சோதித்தாள். எங்களில் யாருக்கும் அவளுடைய தைரியம் இல்லை. அவள் இதனால் ஊருக்குச் செய்த சேவை என்ன என்று உங்கள் படிவம் கேட்கிறது. மூன்று நாள் யோசித்தேன். தண்ணீர் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. வேலை இல்லை. என் மகன் டென்னசிக்குப் போய்விட்டான், பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. தேவாலயத்தில் பாதி பெஞ்சு காலி. இதைச் சேவை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் பேரில் தப்பில்லை. ஆனால் ஊரை முன்னின்று நடத்தினாளா என்று கேட்டால், அவள் போன வழியில் யாரும் பின்னால் போகவில்லை என்பதுதான் உண்மை. அவள் நன்றாக இருக்கவேண்டும். ஆர்வில் டி. கூம்ஸ், தலைவர், குடிநீர் வாரியம்."

மேடம் இரண்டாம் முறை படித்தார். கடிதத்தை அனுப்பாவிட்டால் விண்ணப்பம் முழுமையாகாது, அதோடு தள்ளுபடி. அனுப்பினால் குழுவில் உள்ள ஐந்து பேரும் படிப்பார்கள். அந்த ஐந்து பேரையும் அவருக்குத் தெரியும். மற்ற நான்கு மாணவர்களின் கடிதங்களையும் அவர் படித்திருந்தார். ஒவ்வொன்றிலும் தலைவர், விடிவெள்ளி, நாளைய நம்பிக்கை.

கதவைத் தட்டாமலே ஷெல்பி உள்ளே வந்தாள். ஓடி வந்த மூச்சு.

"மேடம், வந்துடுச்சு! என் விண்ணப்பப் பக்கத்துல பச்சை டிக் விழுந்துடுச்சு!"

"ஆமா. வந்திருக்கு." மேடம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "உக்காரு ஷெல்பி. ஒண்ணு கேக்கறேன். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. உங்க ஊர்ல வேற யாராவது... பதவியில இருக்கறவங்க..."

"எதுக்கு மேடம்? மூணுதானே கேட்டாங்க?"

"சும்மா. இன்னொண்ணு இருந்தா நல்லதுன்னு."

ஷெல்பி சிரித்துவிட்டாள். "எங்க ஊர்லயா? அங்க பாதிப்பேரு என்னைப் பாத்தா ரோட்டத் தாண்டிப் போயிடுவாங்க மேடம். கடையில நான் முன்னால நின்னா பின்னால வரிசை கலைஞ்சிடும். ஆர்வில் மாமா ஒருத்தர்தான் இன்னும் காரப் பத்தியாவது கேக்கறாரு. எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? எழுதவே மாட்டாருன்னாங்க. கேக் துண்ட வெச்சே கண்டுபுடிச்சிட்டாங்களாம்! இனிமே அவங்க வாயத் தொறக்கட்டும், பாக்கறேன்."

மேடம் சுட்டியின்மேல் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்து அழுத்தினார். ஐந்து பேருக்கும் போயிற்று.

ஷெல்பி பையிலிருந்து ஒரு நன்றி அட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள். முகப்பில் நீலப்பறவை ஒன்று. பேனாவைத் திறந்து, "அன்புள்ள ஆர்வில் மாமா" என்று எழுதினாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"நான் பாக்கக் கூடாது, அது தெரியும். நீங்க படிச்சிருப்பீங்கல்ல மேடம்? எதைச் சொல்லி நன்றி எழுதினா அவரு மனசு குளிரும்?"