இதே பெயரில் ஒரு கோப்பு

அவள் போனில் 2,318 படங்கள் இருந்தன. சனிக்கிழமை காலை ஹார்ட் டிஸ்கை லேப்டாப்பில் செருகி, 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, எல்லாவற்றையும் அதில் போட்டேன். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமல் பத்திரப்படுத்துவதுதான் திட்டம். அவள் இறந்து எட்டு மாதத்தில் நான் போட்ட ஒரே திட்டமும் அதுதான்.

போனை அவளுடைய அம்மா கேட்டிருந்தார். அத்தையின் போன் மாடிப்படியில் விழுந்து திரை சிதறிவிட்டது. புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். "புதுசு எனக்கெதுக்கு? அவளோடதைக் குடு" என்றார். மறுத்துப் பேச அதில் ஒன்றுமில்லை.

நகல் முடிந்ததும் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். போனில் 2,318. டிஸ்கில் 2,318. இன்னொரு முறை பார்த்தேன். பிறகு அவள் போனை முழுவதும் அழித்து, கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். திரையில் 'வணக்கம்' என்று வந்தது.

அத்தை வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. என் போனும் நிரம்பியிருந்தது. நான் லிஃப்ட் பரிசோதகன். ஒவ்வொரு கட்டடத்திலும் பிரேக், கம்பிவடம், மோட்டார் தகடு என்று வரிசையாகப் படம் எடுக்க வேண்டும். நகல் எடுக்காமல் போனிலிருந்து எதையும் அழிக்கக்கூடாது என்பது அலுவலக விதி. அப்படிச் சேர்ந்தவை 3,140. டிஸ்க் செருகித்தானே இருக்கிறது, இதையும் அதிலேயே தள்ளிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் இரண்டு போனும் ஒரே மாடல். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. "ஜோடியா வாங்கினா சார்ஜருக்குச் சண்டை வராது" என்றாள் அப்போது. வந்தது. அது வேறு. இரண்டு போனும் முதல் படத்துக்கு ஒன்று என்று எண் போட்டு, அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போயிருந்தன. அவளுடைய நானூறாவது படத்துக்கும் என்னுடைய நானூறாவது படத்துக்கும் ஒரே பெயர். இதை நான் யோசித்ததே இல்லை.

திரை கேட்டது: இதே பெயரில் 2,318 கோப்புகள் ஏற்கெனவே உள்ளன. மாற்றவா, தவிர்க்கவா?

சற்று முன் இரண்டு முறை சரிபார்த்த எண். பார்த்தேன். பார்த்துவிட்டு 'மாற்று' என்பதை அழுத்தினேன். அலுவலகத்தில் இந்தக் கேள்வி தினம் வரும். போன மாதத்துப் பிரேக்கின் மேல் இந்த மாதத்துப் பிரேக் ஏற வேண்டும். ஆறு வருடமாக விரல் தானாகப் போய் அழுத்துகிறது.

முடிந்ததும் என் போனில் இருந்தவற்றை அழித்தேன். அதிலுள்ள குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். சுத்தமாகச் செய்வது என் பழக்கம்.

அத்தை வந்தார். பையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"வீடு கூட்டி எத்தனை நாளாச்சு?"

"நேத்துதான் கூட்டினேன்."

"எந்த நேத்து?"

கல்யாணமான புதிதில் 'மாப்பிள்ளை, நீங்க' என்றுதான் பேசுவார். ஆஸ்பத்திரி நாட்களில் அது 'நீ' ஆகிவிட்டது. ஆனதை இருவருமே கவனிக்கவில்லை.

போனைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் ஒருமுறை துடைத்தார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்.

"எனக்கு ஒரு படம் வேணும். சுவத்துல மாட்டியிருக்கியே, அது வேணாம்."

சுவரில் இருப்பது அவளுடைய அலுவலக அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அந்த வாரம் கைக்குக் கிடைத்தது அதுதான்.

"போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்ச மாதிரி இருக்கா அதுல. சிரிக்கிற படமா ஒண்ணு எடுத்துக் குடு. பல்லு தெரியணும்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி ஃபோல்டரைத் திறந்தேன். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ன?" என்றார்.

திரும்பினேன். "பிரேக்."

"இது?"

"கம்பிவடம். லிஃப்டைத் தூக்கறது."

"அவ எதுக்குப்பா இதையெல்லாம் படம் எடுத்தா?"

அப்போதுதான் புரிந்தது. புரிந்தவுடன் செய்யக்கூடாததைச் செய்தேன். கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும் கட்டளை ஒன்று உண்டு, அதைக் கொடுத்தேன். அவள் படங்கள் திரும்பி வரும் என்று நினைத்தேன். கணினி அப்படி நினைக்கவில்லை. நான் கடைசியாகப் போட்டவற்றை எடுத்துவிட்டது. ஃபோல்டர் காலியானது. இப்போது அவளுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

மறுபடி விசைப்பலகை மேல் போன கையை அத்தை பிடித்துக்கொண்டார். "போதும். இனிமே எதையும் தொடாத."

நடந்ததைச் சொன்னேன். சொல்ல ஐந்து வாக்கியம்தான் தேவைப்பட்டது. அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"இதுல?"

"அழிச்சுட்டேன்."

"யாரு அழிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இதைச் சரி பண்ற கடை எங்க இருக்குன்னு பாரு" என்றார்.

மூன்றாவது தெருவில், ஒரு மாடியில் இருந்தது. போன தகவல்களை மீட்டுத் தருகிற கடை. ஒரு பெண்தான் நடத்துகிறார். மேசை முழுவதும் பிளந்து வைத்த டிஸ்குகள். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"அதுக்கப்புறம் டிஸ்க்ல எதையாவது போட்டீங்களா?"

"இல்ல."

"இன்னைக்கு நீங்க பண்ண ஒரே நல்ல காரியம் அதுதான்."

"அதுவும் நான் கையைப் புடிச்சதால" என்றார் அத்தை.

செவ்வாய்க்கிழமை மாலை கூப்பிட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் வந்திருக்கிறது, மீதி வராது என்றார் கடைக்காரப் பெண். பெயர் போய்விட்டது, தேதி போய்விட்டது, இருவருடையதும் கலந்து கிடக்கிறது. சில படங்கள் மேல்பாதி மட்டும் வரும். கீழே சாம்பல் நிறம்தான்.

"பிரிச்சுத் தர ஏதாவது ப்ரோகிராம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே மாடல் சார். மெஷினுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்."

"அப்போ ஒவ்வொண்ணா பாக்கணுமா?"

"பின்ன?" என்றவர், கிளம்பும்போது இன்னொரு டிஸ்கையும் நீட்டினார். "ரெண்டுல வைங்க. ஒரே ஒரு இடத்துல வச்சிருந்தா அதுக்குப் பேர் பேக்கப் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அத்தை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். தானே பெருக்கினார். பிறகு பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். இரண்டு ஃபோல்டர் திறந்தேன். 'அவள்', 'நான்'. படம் வரும். அத்தை "யாரோடது?" என்பார். நான் சொல்வேன்.

கம்பிவடம், நான். தகடு, நான். கார் நிறுத்தத்தில் தூண் எண் 14, அவள். எங்கே நிறுத்தினோம் என்று அவளுக்கு ஒருநாளும் நினைவிருக்காது. கடை அலமாரியில் இரண்டு சோப்புத்தூள் பாக்கெட்டுகள், அவள். எது வாங்க என்று கேட்டு அனுப்பியது. ஏதாவது ஒன்று என்று பதில் போட்டிருந்தேன். சோபாவில் வாய் திறந்து தூங்கும் நான், அவள். இன்னும் தூங்கும் நான். இத்தனை தூங்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

"ஆளை ஒருநாளாவது முழிச்சிருக்கும்போது பாத்தாளா?" என்றார் அத்தை.

ஐந்நூறு தாண்டியபோது திரை முழுக்க ஒரு வாய் வந்தது. கடைவாய்ப் பல், அதில் ஒரு கறுப்புப் புள்ளி. பல் டாக்டருக்கு அனுப்ப அவளே எடுத்தது.

"பல்லு தெரியணும்னீங்களே" என்றேன்.

அத்தை என் தோளில் அடித்தார். கொஞ்சம் பலமாகவே. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மதியத்துக்கு முன் ஒன்று கிடைத்தது. யாரோ எதையோ சொல்ல, தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். மோவாய்க்குக் கீழே சாம்பல்.

"முகம் இருக்கு, போதும்" என்றார் அத்தை. "பிரேம் போடுறவன் மிச்சத்தை வெட்டிக்குவான்."

அதைத் தனியாக எடுத்து வைத்தேன். கண் எரிந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் பாக்கி. "படம் கிடைச்சிடுச்சே அத்தை. நீங்க கிளம்புங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

"நீ பாக்க மாட்ட."

நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன்.

"எட்டு மாசம் அந்த போனைத் திறந்தியா? டப்பாவுல போட்டு மூடி வைக்கத்தான பாத்த. நகரு, தண்ணி குடிச்சுட்டு வா. இன்னிக்கு முடியலன்னா அடுத்த ஞாயிறும் வருவேன்."

தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 'நான்' ஃபோல்டரில் அவள் இருக்கும் படங்களை அத்தை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். அதுவரை பதினொன்று. அதில் நான்கில் முதுகுதான். எண்ணிக்கையை மட்டும் சொன்னார்.

ஒரு ஜன்னல் விளிம்பு வந்தது. அதன் மேல் இரண்டு காகிதக் கோப்பைகள். பின்னால் பச்சைத் திரைச்சீலை. ஆள் யாரும் இல்லை.

"யாரோடது?"

"தெரியல."

"யோசி."

யோசித்தேன். "ஆஸ்பத்திரி. நாலாவது மாடி. முதல் டெஸ்டுக்குப் போன அன்னைக்கு. அங்க லிஃப்ட் ஓடல. ஏன் ஓடலன்னு பாக்க நான் மேல மெஷின் ரூமுக்குப் போயிட்டேன். அவ உக்காந்திருந்தா. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வந்தேன்."

"என்ன கோளாறு?"

"பிரேக்."

"சரி பண்ணியா?"

"பண்ணேன்."

நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு கப்பு இருக்கு. நீயும் குடிச்சிருக்க. உன்னோடதுலயே போட்டுக்க. உன் கணக்குல ஒண்ணு கூடட்டும்" என்றார்.

அம்புக்குறியை 'நான்' மேல் கொண்டுபோனேன். நான் வந்தபோது காபி ஆறியிருந்தது. ஒரே மூச்சில் குடித்தது நினைவிருக்கிறது. ஆனால் நான் கோப்பையைப் படம் எடுக்கிற ஆள் இல்லை. வாங்கி வைத்துவிட்டு, வராத ஆளுக்காகக் காத்திருந்து, பொழுது போகாமல் எடுத்திருக்கிறாள்.

"அவளோடது" என்றேன். அவளுடையதில் போட்டேன்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்தது."