கூடாரத்தின் மூலையில் மஞ்சள்

என் பெயர் வன்னியபெருமாள். சாலைக் கடைத்தெருவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். ஒரு தாழ்ப்பாள் விற்றால்கூட நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துத்தான் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு கூடாரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்தேன் என்றால், புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நாற்பத்திரண்டு வயதில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி ஸ்ரீலட்சுமிக்கு அது இரண்டாவது. முதல் கணவர் நான்கு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் போய்விட்டார். அவர்களுடைய மகள் கோமதிக்குப் பதினொரு வயது. நாங்கள் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கி ஏழு மாதமாகியும் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவிடம் பேசும்போது ‘அவங்க’ என்பாள். நேரில் பேச வேண்டி வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, மாடியில் குடியிருக்கும் வாடகைக்காரருக்குக் காட்டும் அதே மரியாதை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அப்பா என்று சொல்ல வேண்டாம், ஏதாவது ஒன்று சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

கூடப் படிக்கும் பெண் ஒருத்தி கல்லாற்றில் கூடாரம் போட்டுத் தங்கிய கதையை கோமதி அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான். மறுநாளே கவடியார் பக்கம் ஒரு கடைக்கு ஓடி, குடும்பத்தோடு தங்கும் கூடாரம் ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேனே தவிர, சரக்கைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து துணியைத் தடவிப் பார்த்தது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கல்லாற்றங்கரையில், தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் கூடாரத்தை நிறுத்தினோம். மூன்று மணிக்கு மழை பிடித்தது. பிடித்த கால்மணி நேரத்தில் தையல் வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. எங்கே இறங்கியது என்கிறீர்கள்? கோமதி தனக்கென்று பாய் விரித்திருந்த மூலையில். “சோருது” என்றாள், அம்மாவைப் பார்த்து. ஒழுகுவதைப் பள்ளிக்கூட மலையாளம் கலந்து அப்படித்தான் சொல்வாள். அதற்குள் அவளுடைய படம் வரையும் நோட்டு நனைந்து ஊறிப்போயிருந்தது. இருவரும் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் மட்டும் கம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். யாருக்காக நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மூவருமாகக் கடைக்குப் போனோம். மாற்றுக் கூடாரத்தைக் கோமதியே தேர்ந்தெடுக்கட்டும் என்பது என் எண்ணம். கடை மேலாளர் சத்தியதாஸ் பாறசாலைக்காரர், சாந்தமான மனிதர். துணியை மேசைமேல் விரித்துத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு முழ நீளத்துக்கு உள்பக்கம் தண்ணீர் புகாமலிருக்க ஒட்டும் டேப்பே இல்லை என்று தானாகவே ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். அங்கே மழையில் கலைந்து பரவிய மஞ்சள் கறை.

“மஞ்ச வச்சிட்டீங்களே சார். உபயோகிச்ச பீஸுன்னு கம்பெனி திருப்பி எடுக்க மாட்டான்” என்றார்.

புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள் தொட்டுவைத்துத்தான் உடுத்துவது எங்கள் ஆட்களின் வழக்கம். அதற்காகக் கூடாரத்துக்குமா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படாது என்று என் கடையிலேயே போர்டு தொங்குகிறது. எத்தனை பேரை அதைக் காட்டி அனுப்பியிருப்பேன். இப்போது நானே மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பதைத் தாங்க முடியாமல் ஸ்ரீலட்சுமி பக்கம் திரும்பினேன்.

“மஞ்ச வைக்கதுக்கு இது என்ன முகூர்த்தப் புடவையா? மண்டையில ஏதாவது இருக்கவ இதச் செய்வாளா?”

பக்கத்தில் கோமதி தொண்டையைச் செருமினாள்.

“நானாக்கும் வச்சது.”

சத்தியதாஸ் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துணியை மெதுவாக மடித்தார். குறை தங்கள் சரக்கில்தான், கம்பெனியோடு தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி, வேறு இரண்டு கூடாரங்களை எடுத்துப் போட்டார். ஒன்று ஒரே அறை. இன்னொன்றில் நடுவே ஒரு திரை, வேண்டுமானால் இறக்கிவிடலாம், வேண்டாமென்றால் சுருட்டிக் கட்டலாம். கோமதியிடம் கேட்டதற்கு, “ஏதானாலும் மதி” என்றாள், எதுவானாலும் போதுமாம். ஒரே அறையுள்ளதைத்தான் என் மனம் கேட்டது. ஆனாலும் தையல் முழுக்க நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் திரை உள்ளதை எடுத்தேன். இறக்குவதும் கட்டுவதும் அவள் இஷ்டமாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபின் ஸ்ரீலட்சுமி அடுக்களையில் வைத்துச் சொன்னாள்.

“அவ அப்பா இருந்தப்போ வீட்டுக்கு எந்தப் புதுத்துணி வந்தாலும் இவதான் மஞ்ச வைப்பா. அவரு போன பெறகு ஒண்ணுக்கும் வைக்கல்ல, யூனிஃபார்முக்குக் கூட. நாலு வருஷம் கழிச்சு இதுக்குத்தான் வச்சிருக்கா.”

என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. கூப்பிட மாட்டாளா என்று ஏழு மாதம் காத்துக் கிடந்தவன், அவள் தன் பாணியில் கூப்பிட்டபோது அது கறை என்று கடையில் நின்று கத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் புதுக் கூடாரத்தை நிறுத்தினேன். மஞ்சளைக் குழைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கோமதியைக் கூப்பிட்டேன்.

“நேத்து நான் பேசினது தப்பாக்கும். இதுக்கும் நீதான் வைக்கணும்” என்றேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை வந்தாள்.

“சோருமான்னு நோக்கிட்டு, பின்ன வைக்கலாம்.”

சோதித்துப் பார்ப்பது என் கடையில் நான் தினமும் செய்கிற காரியம். அவள் வாயிலிருந்து வந்தபோது வலித்தது. ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கிண்ணத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் குழாயில் ஹோஸை மாட்டி அவள் கையில் கொடுத்தேன். உள்ளே ஆள் இருந்தால்தானே தெரியும் என்று நானே போய் ஜிப்பை இழுத்து மூடி உட்கார்ந்தேன். கல்லாற்றில் அவள் பாய் விரித்திருந்தாளே, அதே மூலையில்.

தண்ணீர் கூரையில் விழுந்தது. துணிக்கு அந்தப் பக்கம் அவள் நிழல் மெல்ல நகர்ந்தது. ஒவ்வொரு தையலாகப் பீய்ச்சினாள், ஒன்றையும் விடவில்லை. நான் உள்ளிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு சொட்டு இல்லை.

“சோருதா?”

“இல்லம்மா.”

எழுந்து வெளியே வரப் போனேன். தண்ணீர் நிற்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் கூட இருங்க” என்றாள். இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை.

“இருக்கேன்” என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.