விற்ற நாய்

தெருவில் அவளை 'நாய்க்காரம்மா' என்றுதான் சொல்வார்கள். பதினான்கு வருடமாக வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு லேப்ரடார் வளர்த்துக் குட்டி விற்கிறாள். வாங்க வருகிறவர்களிடம் பேசுவது அண்ணன் வேலை. பிரசவம், தடுப்பூசி, பேதி, கண்விழிப்பு எல்லாம் அவள் தலையில்.

அன்று காலை குட்டிகளின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"நாய்க் காப்பகத்துலேர்ந்து பேசறேன். கறுப்பு லேப்ரடார், ஆண், ஆறு வயசு இருக்கும். நெடுஞ்சாலை ஓரமா கட்டிப் போட்டுட்டுப் போயிருக்காங்க. கழுத்துத் தோலுக்கடியில இருக்கிற சிப்ல உங்க பேருதான் வருது." பேசிய பெண்ணின் குரல் கடுத்தது. "எங்க நாய் இல்லன்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு வேலை கெடக்கு."

"நம்பரைப் படிங்க."

ஈரக் கையோடு நோட்டைப் புரட்டினாள். ஏழு குட்டிகளில் கடைசி. கால் முன்னால் வந்து சிக்கிக்கொள்ள, அவளே விரல்விட்டு இழுத்து, மூக்கை உறிஞ்சி மூச்சு வரவழைத்த குட்டி.

"என் நாய்தான். வர்றேன்."

அண்ணன் வண்டிச் சாவியைத் தர மறுத்தான். "வித்ததைத் திரும்பி வாங்க நாம என்ன பாத்திரக் கடையா வெச்சிருக்கோம்? இன்னைக்கு ஒண்ணு வந்தா நாளைக்குப் பத்து வரும்."

"வரட்டும். இந்த உலகத்துக்குக் கொண்டு வந்தது நாமதானே?"

"பெத்தது நாய்!"

"பெக்க வெச்சது யாரு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து சாவியை அவளே எடுத்துக்கொண்டாள்.

காப்பகம் ஒரு பழைய கிடங்கு. அதை நடத்துகிறவள் முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இரண்டு கையிலும் கடித் தழும்பு. வாங்க என்று சொல்லவில்லை, கூண்டைத் திறந்துவிட்டாள். நாய் எழப் பார்த்தது. பின்னங்கால்கள் வழுக்கின. மறுபடி முயன்று எழுந்து, ஆடி ஆடி வந்து நாய்க்காரம்மாவின் முழங்காலில் தலையை முட்டியது.

"அடிபட்டதா?"

"இல்ல. எக்ஸ்ரே எடுத்தாச்சு. இடுப்பு மூட்டு, பிறவிக் கோளாறு. இந்த ரத்தத்துல உங்ககிட்ட இன்னும் குட்டி போடற நாய் இருக்கா?"

நாய்க்காரம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. இதன் கூடப் பிறந்தவள் வீட்டில் இருந்தாள். அடுத்த மாதம் இணை சேர்ப்பதாக ஏற்பாடு. எட்டு வீட்டுக்காரர்கள் இப்போதே குட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"இருக்கு. ஆனா இனிமே போடாது," என்றாள்.

நர்ஸம்மா முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வருஷம் உங்களுக்கு முன்னாடி ஆறு பேருக்குப் போன் பண்ணேன். ஆறு பேரும் உங்க நாய் வளர்ப்போர் சங்கத்து ஆளுங்கதான். ஒருத்தர்கூட வரல."

"அந்த ஆறு நாயோட சிப் நம்பரையும் எழுதிக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வளர்ப்போர் சங்கக் கூட்டம். நாய்க்காரம்மா எழுந்து மைக்கைப் பிடித்தாள். குட்டியைப் பிறப்பித்தவர்கள் அது சாகும்வரை பொறுப்பு, எப்போது வீடில்லாமல் போனாலும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், இதை விதியாக எழுதுங்கள் என்றாள்.

நாய்க் கண்காட்சிகளில் கோப்பைகளாக வாங்கிக் குவித்த தலைவர் சிரித்தார். "நல்ல மனசும்மா உங்களுக்கு. ஆனா கண்ட தெருநாய்ப் பிரச்சினையையும் நம்ம தலையில கட்டாதீங்க. வித்த நாய்க்கு வாசல் வரைக்கும்தான் நம்ம பொறுப்பு."

கைதட்டல் எழுந்தது.

"தெருநாய் இல்லைங்க, ஆறும் நம்ம ஆளுங்க வித்த நாய். சிப் நம்பரைப் படிக்கிறேன். அவங்கவங்க நம்பர் வந்தா எழுந்திரிங்க."

மைக் செத்தது. யாரோ அணைத்துவிட்டார்கள். மைதானத்தின் மறுகோடியில் ஓடும் நாயை ஒரே கூப்பாட்டில் நிறுத்துகிற தொண்டை அவளுடையது. மைக் இல்லாமலே படித்தாள். முதல் எண்ணுக்கு ஒருவரும் அசையவில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அப்படியே. நான்காவது எண்ணுக்குத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஐந்தாவதுக்கு ஒருவர் எழுந்தார். குட்டைக்கால் நாய்கள் வளர்ப்பதால் அவரைக் 'குட்டைக்கால்' என்றே கூப்பிடுவார்கள், ஆள் ஆறடி.

"என்னுதுதான். போன் வந்துச்சு. ராங் நம்பர்னு வெச்சுட்டேன்."

"உக்காருய்யா!" என்று பின்னாலிருந்து அதட்டினார்கள்.

"ஏன் உக்காரணும்? அந்தம்மா சொல்றது பொய்யா?"

பத்தே நாளில் கடிதம் வந்தது. சங்கத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததால் அவளை நீக்கியிருக்கிறார்கள். இனி அவள் குட்டிகளுக்கு வம்சாவளிச் சான்றிதழ் கிடையாது. அது இல்லாத குட்டி விலை போகாது. மறுநாள் தலைவரே போன் செய்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

"நீங்க மொதல்ல காப்பகத்துக்குப் போய் உங்க நாயைக் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள். குட்டைக்கால் அதற்குள் தன்னுடையதை அழைத்துப் போயிருந்தார்.

வீட்டிலிருந்த கூடப் பிறந்த பெட்டைக்குக் கருத்தடை செய்வித்தாள். கறுப்பு நாயை மூன்று மாதம் வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாள். கேட்டு வந்தவர்களை அவளும் நர்ஸம்மாவும் சேர்ந்தே விசாரித்தார்கள். மாடிப்படி இருந்த இரண்டு வீட்டுக்கும் இல்லை என்றார்கள். கடைசியில் தரைத்தள வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவரோடு அனுப்பினார்கள்.

அண்ணன் அதுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. "உக்காந்திருந்த கிளையை வெட்டியாச்சு. இனி யார்கிட்ட நான் பேசறது?" என்று அன்று வெடித்தான்.

"ஆள் இருக்கு. அந்த ஏழுல மிச்சம் அஞ்சு வீட்டுக்கும் போன் போடு. இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லு. வெச்சுக்க முடியலன்னா இங்கயே கொண்டு வரச் சொல்லு."

திட்டிக்கொண்டே போன் போட்டான். இரண்டு பேர் பாதியில் துண்டித்தார்கள். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர் சாயங்காலமே காரில் நாயோடு வந்து இறங்கினார். "நீங்களா கேட்டதால வந்தேன். எனக்கு இதைத் தூக்கி இறக்க முடியலைங்க," என்று தலை குனிந்தார்.

நாய்க்காரம்மா கேட்டை அகலத் திறந்தாள். "இங்க படி இல்ல, மெதுவா நடத்தியே கூட்டிட்டு வாங்க," என்றான் அண்ணன், கோணிச் சாக்கை உதறி விரித்தபடி.