கிழக்குக் குழாயில் வந்த தண்ணீர்

கிழக்குக் குழாயில் கழிவுநீர் வரத் தொடங்கியபோது ஊருக்குக் கிழக்கே ஒரு வீடுகூட இல்லை. இருந்ததெல்லாம் எல்லைக்கல் நட்ட காலி மனைகளும், முட்புதரும், மேய வரும் நாலைந்து ஆடுகளும்தான். போட்ட ரோட்டை மறுபடி தோண்ட வேண்டாமே என்று நகராட்சி, அதிசயமாக முன்யோசனை வந்து, பாதாள சாக்கடைக் குழாயை முதலிலேயே பதித்து வைத்திருந்தது. ஆடுகள் குளிப்பதில்லை. ஆனாலும் தினமும் விடிந்ததும் அந்தக் குழாயில் வெதுவெதுப்பாக, சோப்பு நுரையோடு தண்ணீர் வந்தது.

இதை முதலில் பார்த்தவள் மதிப்பீட்டுக்காரி. புதிதாகக் கட்டப்போகும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும், அதில் எவ்வளவு அழுக்கு இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அதனால் அலுவலகத்தில் அந்தப் பெயர். குறைத்துப் போட்டால் சாக்கடை தெருவுக்குத் திரும்பி வரும், ஊர் திட்டும். கூட்டிப் போட்டால் பாதித் தொட்டி காய்ந்து கிடக்கும், அதற்கும் ஊர் திட்டும். இந்த இரண்டு திட்டுக்கும் நடுவே அவள் பல வருடங்களாகச் சௌகரியமாகவே இருந்து வந்தாள். குழாயில் மீட்டரைப் பொருத்தி ஒரு மாதம் பார்த்தாள். காலையில் ஏறியது, பகலில் இறங்கியது, சாயங்காலம் மறுபடி கொஞ்சம் எழும்பியது. சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில் அழுக்கும் மனிதர்களுடையதுதான். இனிமேல் குடிவரப் போகிறவர்களின் தண்ணீர் அவசரப்பட்டு முன்னாலேயே வந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று குத்துமதிப்பாகச் சொல்லியே பிழைத்தவளுக்கு, அவர்களே வந்து கணக்குக் கொடுத்தால் கசக்குமா என்ன?

மனை மனையாக மேன்ஹோலைத் திறந்து அளந்துகொண்டே போனாள். ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டாள். அது அவளும் பஸ் ஓட்டுகிற அவள் கணவனும் கடன் வாங்கி வாங்கிய மனை. கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லை. டாக்டர்களிடம் போவதையும் நிறுத்தியாயிற்று. இரண்டே பேருடைய தண்ணீர்தான் வருகிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கடைசியில் கணவனையும் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தாள். எந்தக் கடையிலும் இல்லாத ஒரு ஷாம்பூ வாசனை மேலே வந்தது, பச்சை ஆப்பிளை நறுக்கி வைத்த மாதிரி. தண்ணீரைப் பிடித்து, கையோடு கொண்டுவந்த பெட்டியில் சோதித்து, அங்கேயே கணக்குப் போட்டாள். மூன்று பேர்.

"மூணாவது ஆள் எங்கம்மாவா இருக்கும்," என்றான் அவன்.

"அத்தை சீயக்காய் தவிர எதையும் தொட மாட்டாங்க."

அவன் குனிந்து குழியை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தான். "அப்ப மூணுன்னே போட்டுக்க," என்றான். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த மேன்ஹோலுக்குப் போனாள்.

இந்தக் கணக்கு கசந்தது அவள் மேலதிகாரியான செயற்பொறியாளருக்குத்தான். "அது நிலத்தடி ஊத்தும்மா, குழாய் மூட்டுல கசியுது. கிழக்கைக் கழிச்சுட்டுப் பாதி சைஸ்ல போடுங்க. ஆளில்லாத இடத்துக்கு பிளாண்ட் கட்டினா சிரிப்பாங்க." தன் மூன்றாவது ஆளைக் கசிவு என்று எழுதச் சொல்கிறார் என்றுதான் அவள் காதில் விழுந்தது. "ஞாயித்துக்கிழமை மட்டும் ஒன்பது மணிக்குத்தான் சார் தண்ணி ஏறுது. ஊத்துக்கும் லீவு உண்டா? நீங்களே வந்து பாருங்க," என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வந்தார். அவருக்கும் அங்கே ஒரு மனை இருந்தது. அவரைக் கேட்காமலே அதன் மேன்ஹோலைத் திறக்க வைத்தாள். ஒன்பதரைக்குக் கன்னங்கரேலென்று தலைச்சாயம் கரைந்த தண்ணீர் வந்தது. அவர் தலைக்குச் சாயம் பூசுவது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. "மூடும்மா," என்றார். திங்கட்கிழமை முழு அளவுக்கும் கையெழுத்துப் போட்டார்.

நிலையம் எழும்பியது. முதல் நாளே தொட்டிகள் நிரம்பின, யாரும் சிரிக்கவில்லை. பிறகு வீடுகள் வந்தன. குடிவந்த வீட்டின் தண்ணீர் குளியலறை ஓட்டையில் இறங்கும், குழாயில் வந்து சேராது; அதுதான் ஏற்கெனவே வந்தாயிற்றே. அதற்குப் பதில் இன்னும் தள்ளியிருந்த புதர்க்காட்டின் தண்ணீர் வரத் தொடங்கியிருந்ததால் நிலையத்துக்கு வேலை குறையவில்லை. மதிப்பீட்டுக்காரி வீடு கட்டினாள். மாமியார் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு, பாத்ரூம் வழுக்குகிறது என்று சின்ன மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். டாக்டர் ஆச்சரியப்பட்டார். கணவனும் மனைவியும் மரியாதைக்குக் கூட ஆச்சரியப்படவில்லை.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம், கடைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு ஷாம்பூவை அடம்பிடித்து வாங்கினாள். மறுநாள் காலை தலை சொட்டச் சொட்ட வெளியே வந்தவளிடம் பச்சை ஆப்பிள் வாசனை அடித்தது. மதிப்பீட்டுக்காரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையை இழுத்து முகர்ந்தாள்.

"என்னம்மா? நல்லாயில்லையா?"

"நல்லாருக்கு. ரொம்ப நாளாவே நல்லாருக்கு."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை, பள்ளிக்கு வேறு நேரமாகிவிட்டிருந்தது. துண்டைக் கொண்டுவந்து அம்மா அவள் தலையைத் துவட்டிவிட்டாள். அன்றும் வாசலில் மேன்ஹோல் காய்ந்தே கிடந்தது.