ஆலய வளாகம் சிவந்த கதை

கிதியோனுக்கு உலகம் முழுவதும் தெரியும். எந்தக் காடு சுருங்குகிறது, எந்த ஏரி வற்றுகிறது, எந்த ஊர் போன வருடத்தைவிட அதிகமாகக் காய்கிறது என்பதையெல்லாம், பாலாநகரில் குளிரூட்டிய அலுவலக அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தே சொல்லிவிடுவான். மூன்று வருடமாக ஒரே பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடும் பிளெசிக்குத் தன்மேல் பிரியம் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அதையும் அவளேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"இதுக்கும் வானத்துலேர்ந்து போட்டோ எடுத்து அனுப்பணுமா?" என்று கேட்டாள்.

பிளெசியின் அப்பா ஜோசியா ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். லோத்குண்டாவில் அவர்கள் போகும் ஆலயத்தின் கமிட்டிச் செயலாளர். விஷயத்தைக் கேட்டதும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "சுற்றுச்சூழல் ஞாயிறு வருதில்ல, அந்தத் தம்பிய வந்து பேசச் சொல்லு. பாக்கலாம்" என்றார். அதாவது, மாப்பிள்ளை பார்க்கும் படலத்தைச் சபையார் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு நடத்துவது என்று முடிவாகிவிட்டது.

கிதியோன் பூரித்துப் போனான். 'வானத்திலிருந்து நம் லோத்குண்டாவின் வெப்பம்' என்று தலைப்பு கொடுத்தான். தன் அறிவைப் பார்த்து வருங்கால மாமனார் வாயடைத்துப் போவதைப் பலவிதமாகக் கற்பனை செய்து பார்த்தான். படத்தைத் திறந்தபோது வாயடைத்துப் போனது அவன்தான்.

மே மாதத்துப் பகல் படம் அது. மரங்கள் அடர்ந்த ராணுவ நிலம் நீலமும் பச்சையுமாகக் கிடந்தது. வீடுகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தன. நடுவில் மோர்க்குழம்பில் மிதக்கும் மிளகாய்போல ஒரு சிவப்புக் கட்டம். பெரிதாக்கிப் பார்த்தான். ஆலய வளாகம்! ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்தில் அதே இடம் பச்சையாக இருந்தது.

இடையில் நடந்தது ஜோசியாவின் வாழ்நாள் சாதனை. கார்கள்மேல் பறவைகள் எச்சமிடுகின்றன என்று தூங்குமூஞ்சி மரங்களை வெட்டிவிட்டு, மைதானம் முழுக்கப் பேவர் பிளாக் கல் பதித்திருந்தார். வாசலில் அவர் பெயரோடு சலவைக்கல் உண்டு. பிரதிஷ்டை அன்று அதிகமாகக் கைதட்டியவர்களில், பூமியின் வெப்பத்தைக் கண்காணிக்கும் கிதியோனும் ஒருவன். காரை வசதியாக நிறுத்த முடிந்ததே என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எந்த வெப்பத்துக்கு எந்த நிறம் என்று கணினிக்குச் சொல்வது மனிதன்தான். நிறப் பட்டையின் சிவப்பு உச்சி நாற்பத்தெட்டு டிகிரி என்று இருந்தது. கிதியோன் அதை அழித்துவிட்டு எண்பது என்று போட்டான். சிவப்பு மறைந்தது. லோத்குண்டா முழுவதும் ஊட்டி மாதிரி குளுகுளுவென்று ஆகிவிட்டது. எந்த இடத்தின் வெப்பத்தையும் பொய்யாக மாற்றவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். இதே காரியத்தைச் செய்த பயிற்சி மாணவி ஒருத்தியைத் திட்டி அழவைத்தது ஞாபகம் வந்தது. நல்லவேளை, அவள் லோத்குண்டாவில் இல்லை.

ஞாயிறன்று மடிக்கணினியைத் திரையோடு இணைக்கப் பிளெசி வந்தாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஹவ், நெஜமாவே ரொம்ப அழகா இருக்கே. ஆனா இந்தக் கலர் பட்டை கைக்கு, ஏன் எண்பது வரைக்கும் போவுது? லோத்குண்டால எண்பது டிகிரி எங்க இருக்கு, எங்க வீட்டு கீசர்லயா?"

"அது வந்து... ஒரு ஸ்டாண்டர்ட்..."

"நக்கோ கிதியோன், வேணாம். எட்டாங்கிளாஸ் பசங்களே என்கிட்ட இந்த வேலய இதவிட நல்லா செய்வாங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்கப்பா போட்ட கல்லுதான் பிளெசி சிவப்பா வருது. அவரு முன்வரிசைல உட்காந்திருக்காரு."

"எங்கப்பாவுக்கு நானும்தான் பயப்படறேன். அது பரவால்ல." அவள் ஒயரைச் செருகினாள். "நாளைக்கு எனக்குக் காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரயும் இப்படித்தான் திருத்துவீங்களா?"

சொல்லிவிட்டுப் பாடகர் வரிசைக்குப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போதகர் அவன் பெயரை அழைத்தார். கிதியோன் எண்பதை அழித்து நாற்பத்தெட்டு என்று போட்டான். இதை வீரம் என்று சொல்ல முடியாது. கிழவனான பிறகும் அவள் அந்தத் தெர்மாமீட்டரைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருப்பாள் என்ற பயம், ஜோசியாமேல் இருந்த பயத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான்.

திரையில் படம் வந்ததும் ஜோசியா துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! வானத்துலேர்ந்து பாத்தாலும் நம்ம சர்ச்சுதான் ஜொலிக்குது!"

சபை கைதட்டியது. தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. கிதியோன் "ஆமா..." என்று பாதி சொல்லியும்விட்டான். பாடகர் வரிசையைப் பார்த்தான்.

"ஜொலிக்கல அங்கிள். கொதிக்குது."

பழைய படத்தையும் காட்டினான். மரங்கள் இருந்த இடத்தையும் இப்போது கல் இருக்கும் இடத்தையும் காட்டினான்.

ஆராதனை முடிந்ததும் ஜோசியா நேராக வளாகத்துக்கு நடந்தார். "எழுநூறு கிலோமீட்டர் தள்ளி நிக்கிற மெஷினுக்கு என்ன தெரியும்? நான் இங்கயே நிக்கிறேன் பாருங்க." வளாகத்தின் நடுவில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, உச்சி வெயிலில் கல்லின்மேல் நின்றார். "ஜம்முனு இருக்கு. தம்பி, நீயும் வா!"

கிதியோனும் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றான். சபை சுற்றி வேடிக்கை பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் ஆண்மகன் என்று பெயர் கிடைக்கும், பெண்ணும் கிடைக்கலாம். உள்ளங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"சுடுது அங்கிள்! சத்தியமா சுடுது!" என்று அலறிக்கொண்டே குதித்துக் குதித்து, மதில் ஓரம் மிச்சமிருந்த ஒற்றை வேப்பமரத்து மண்ணுக்கு ஓடினான். எல்லோரும் சிரித்தார்கள். பிளெசிதான் அதிகம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஜோசியா இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு கம்பீரமாக நடக்கத் தொடங்கினார். அந்த நடை மூன்றாவது அடியிலேயே ஓட்டமாகிவிட்டது. இருவரும் மரத்தடியில் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உன் சாட்டிலைட்டு மறுபடி எப்ப வரும்?"

"எட்டு நாளைக்கு ஒருதரம் அங்கிள்."

"அதுக்குள்ள மரம் வளருமா?"

"வளராது."

"பொய்யே சொல்ல மாட்டியா நீ?"

"இன்னிக்குக் காலைல வரைக்கும் சொல்லிட்டுதான் அங்கிள் இருந்தேன்."

ஜோசியா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வளாகத்தைப் பார்த்தார். "கல்ல முழுசும் பேக்கணுமா, வரிசை விட்டு வரிசை பேத்து மரம் வெச்சா போதுமா?"

"படத்தப் பாத்துக் கணக்குப் போட்டுச் சொல்றேன்."

"வீட்டுக்கு வந்து சொல்லு. மட்டன் இருக்கு."

அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். இரண்டு ஜோடி ஷூவும் வளாகத்தின் நட்டநடுவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஜோசியா ஷூவைப் பார்த்தார், கிதியோனைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போங்க மாப்பிள்ளை, எடுத்துட்டு வாங்க."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு கல் சுட்டிருக்காது, பனிபோலக் குளிர்ந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. போகும்போதும் சுட்டது, வரும்போதும் சுட்டது.