மேலிருந்து தெரியும் கூரை

1

இந்தக் கதை ஒரு கையசைப்பில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கார்த்திகை மாதத்துக் காலை. அடையாறில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டின் சரிவான கூரைமேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஸ்ரீரங்கன் மாமா. எழுபதைத் தாண்டியவர், வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். இன்னொருவர் நான் அதுவரை பார்த்திராத பெண். சுடிதாருக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா. அந்தப் பெண் வானத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

வானத்தில் ஒன்றுமே இல்லை. நானும் அண்ணாந்து பார்த்தேன், ஒரு காக்கைகூட இல்லை.

கதை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் வீட்டு வேலை அம்போதான். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மாவு சூடேறி, மறுநாள் இட்லி கல்லாகிவிட்டது. (இட்லியைப் பற்றி இனி எழுத மாட்டேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "மழை விட்டிருந்தது. தூரத்தில் கோபுரத்தின் மேல் புறாக்கள்." அடித்துவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து கோபுரம் தெரியாது. பழக்கதோஷத்தில் வந்து நின்றுவிட்டது.

இரண்டாவது: "பாசி என்பது ஞாபகத்தைப் போன்றது." இதையும் அடித்தேன். பாசி பாசிதான். வழுக்கும், கறுக்கும், கூரையைத் தின்னும். அதற்கு மேல் அதன்மேல் பாரம் ஏற்றினால் நானும் வழுக்கிவிடுவேன்.

மூன்றாவது: "ஸ்ரீரங்கன் மாமா ஏணியில் ஏறி, ஈரமான கூரையில் கால் வைத்து"

இந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன். முடிக்கக் கூடாது என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். முடிக்க வேண்டும் என்று இன்னொருவர் கேட்டுக்கொண்டார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

3

ஷிங்கிள் கூரையைச் சென்னையில் நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். தார் ஊறிய தகடுகளின்மேல் பொடிக்கல் ஒட்டியிருக்கும். மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிவில் அடுக்கி ஆணி அடிப்பார்கள். பனி கொட்டுகிற ஊர்களின் சமாசாரம். நியூ ஜெர்சியில் மகள் அனன்யாவின் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்த மாமா, மொட்டை மாடியில் கட்டிய அறைக்கு அதே கூரைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். செங்கல் நிறத்தில் வாங்கிப் போட்டார். அனன்யா ஊருக்கு வந்தால் தன் வீட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டுமாம். அவளோ வந்தால் அந்த அறைப்பக்கமே போக மாட்டாள். கீழே ஹாலில் அம்மாவோடு பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள்.*

நம் ஊர் ஈரமும் கடல் காற்றும் மாமர நிழலும் சேர்ந்து அந்தக் கூரையைக் கறுக்கவைத்தன. ஒரு சரிவு முழுக்கப் பாசி, விளிம்பில் பூஞ்சணம். தெருவில் நின்றால் தெரியாது. அதனால் யாரும் கவலைப்படவில்லை. ஒரு நாள் அனன்யா போன் செய்தாள். மனசு சரியில்லாவிட்டால் அவள் ஆபீஸ் இடைவேளையில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, அடையாறுவரை பெரிதாக்கித் தன் வீட்டைப் பார்ப்பவள்.

"அப்பா, கூரை ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்கு? மேல யாருமே போய்ப் பாக்கறதில்லையா? உங்களால ஆத்தைப் பாத்துக்க முடியலையாப்பா?"

இதை என்னிடம் சொன்னவர் ஜானு மாமி, மாமாவின் மனைவி. கேள்வி கூரையைப் பற்றி மட்டும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும். கோயம்புத்தூர் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒன்றில் அனன்யா இடம் பார்த்து வைத்திருக்கிறாள். மார்கழியில் வருகிறாள். இவர்களால் தனியாக இருக்க முடிகிறதா என்று வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வதாக ஏற்பாடு. முடியவில்லை என்று பட்டால் வீடு விற்பனைக்கு. அதனால் மாமாவுக்கு அந்தக் கூரை சுத்தமாகியே தீர வேண்டும்.

இந்த இடத்தில் அனன்யாவைக் கல்நெஞ்சக்காரியாக ஆக்கினால் கதை தானாக ஓடும். எழுதியும் பார்த்தேன்: "அனன்யா எரிச்சலோடு" என்று. அதற்கு மேல் கை போகவில்லை. மனசு சரியில்லாத நேரத்தில் ஒருத்தி கம்ப்யூட்டரில் தன் வீட்டுக் கூரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளை நான் என்னவென்று திட்டுவது?

* பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் ஷிங்கிள் கூரை ஒன்றே ஒன்றுதான். தெரியவேண்டியவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

4

அடுத்து ஜமீலுன்னிசா. கூரையில் கையசைத்தவர். ராயப்பேட்டைக்காரர், தண்ணீர்த் தொட்டியும் சோலார் பேனலும் கழுவித் தருகிற தொழில் நடத்துகிறார். இவரை எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. கதைகளில் இப்படி உதவிக்கு வருகிறவர்கள் எல்லாம் தெரிந்தவர்களாக, குறையே இல்லாதவர்களாக இருப்பார்கள். ஜமீலாக்கா அப்படியில்லை. ஷிங்கிள் கூரையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"இதெல்லாம் நாம நெறையப் பண்ணிக்கீறோம் சார்" என்றார்.

"எனக்கும் இதைப் பத்தி நன்னாத் தெரியும்" என்றார் மாமா.

இரண்டும் பச்சைப் பொய். பொய்யும் பொய்யும் கைகுலுக்கி வேலை ஆரம்பித்தது.

உண்மையில் யோசித்தவர் மாமி மட்டும்தான். "மொதல்ல கெணத்துக்குப் போற மழைத்தண்ணிக் கொழாயைக் கழட்டுங்கோ. பாசியும் மருந்தும் கெணத்துல எறங்கினா அப்பறம் நான் எதுல சமைக்கறது?" ஜமீலாக்காவிடம் வேலை செய்யும் நாகராஜ், ஊரூர் மீனவர் குப்பத்துக்காரர், குழாயைக் கழற்றித் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். பிறகு படகு கழுவுகிற தெம்பில், தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பிரஷர் மெஷினைப் போட்டார்.

பாசி பறந்தது. கூடவே கறுப்பு ரவைபோல ஏதோ விளிம்பிலிருந்து கொட்டியது.

"நிறுத்துடா நாகராஜு!"

"இன்னாக்கா, நல்லாத்தானே போய்க்கினு கீது?"

"கூரையே போய்க்கினு கீதுடா!"

கொட்டியது பொடிக்கல். கைக்குட்டை அகலத்துக்குக் கூரையின் தார் பளபளவென்று வெளியே தெரிந்தது. "கூரை போகிறது" என்ற சத்தம் கேட்டதும் மாமா ஓடிவந்தார். ஒருவரையும் கேட்கவில்லை. ஏணியில் ஏறி, ஈரமான கூரையில் கால் வைத்து

5

சரி, முடித்துவிடுகிறேன். கால் வைத்து, வழுக்கினார். ஒரு கை நீளம் சரிந்து, ஆணி அடித்த விளிம்பு ஒன்று விரலில் மாட்ட, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடிபடவில்லை. ஆனால் அந்த விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மொட்டை மாடியில் மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஜமீலாக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

(மேலே பேசியது எனக்குக் கேட்கவில்லை. பிறகு எங்கள் தொட்டியைக் கழுவ வந்தபோது அவர் சொன்னது. கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பார். நானும் என் பங்குக்கு உப்பு போட்டிருக்கிறேன்.)

"கீழ பாக்காத நைனா. என்னப் பாரு." அதுவரை 'சார்' என்றவர்.

"என்னால எறங்க முடியாதும்மா."

"யாரு ஒன்ன எறங்கச் சொன்னது? குந்திக்கினு இருப்போம். காத்து ஜோரா வருது."

பிறகு மாமாவே சொல்லத் தொடங்கினார். அனன்யா, கோயம்புத்தூர், மேலிருந்து எடுக்கும் படம், எல்லாம்.

"அப்போ இப்பவும் ஒன் பொண்ணு நம்மளப் பாத்துக்கினு கீதா?"

"இல்லம்மா. அது எப்பவோ எடுத்த படம். புதுசு எப்ப எடுப்பான்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாதில்ல? இப்பவே எடுத்துக்கினு இருந்தா?" என்று சொல்லி ஜமீலாக்கா வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

மாமா சிரித்துவிட்டார். சிரித்ததும் விளிம்பிலிருந்து விரல்களை எடுத்தார். நாகராஜ் ஏணியைக் கைப்பிடிச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டினார். மாமா உட்கார்ந்தபடியே, குழந்தை படியிறங்குவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார்.

அதற்குப் பிறகுதான் ஜமீலாக்கா கூரை விற்கிற கடைக்குப் போன் போட்டுக் கேட்டார். முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று நாகராஜிடம் அவரே நொந்துகொண்டார். மெஷின் போடவே கூடாதாம். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து தெளித்து, சற்று ஊறவிட்டு, சாதாரண ஹோஸ் தண்ணீரில் அலசினால் போதும். பாசி செத்துவிடும். ஆனால் உடனே விழாது. அடுத்தடுத்த மழைதான் அதைக் கழுவும்.

"அனன்யா வரதுக்குள்ள பழைய நிறம் வந்துடுமா?" என்றார் மாமா.

"வராது நைனா. சாம்பக் கலர்ல நிக்கும். இப்பவே பளிச்சுன்னு ஓணும்னா மெஷின் கீது. ஆனா அடுத்த மழைக்கு ரூம்ல ஒழுவும்."

மாமா மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொன்னது மாமி.

"மெஷின் வேண்டாம். அவ வந்துட்டுப் போனதுக்கப்பறமும் நாம இங்கதானே இருக்கப் போறோம்?"

மருந்து தெளித்தார்கள்.

6

நான் இதை எழுதுகிறேன் என்பது மாமாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை.

"எங்காத்துக் கூரையைப் பத்தி எழுதறேளாமே?"

"ஆமாம் மாமா."

"நீங்க எழுதறதையெல்லாம் அனன்யா படிக்கறா. தெரியுமோல்லியோ?"

"தெரியும்."

"நான் ஏறினதை எழுதாதேங்கோ. எழுதியே ஆகணும்னா, ஏறினார், எறங்கினார்னு எழுதுங்கோ. ரெண்டு வார்த்தை போறும்." எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "அப்பறம், அந்த ஏணியை வாங்கிண்டு போலாம்னு வந்தேன்."

ஏணி எங்கள் கார் நிறுத்துமிடத்தில் இருந்தது. மருந்து தெளித்த அன்றைக்கே மாமி அதை நாகராஜின் தோளில் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிட்டிருந்தார். "உங்காத்துலயே இருக்கட்டும். அவர் கேட்டாக் குடுக்காதேங்கோ" என்று எனக்கு உத்தரவு. நான் மாமாவிடம் கார் நிறுத்துமிடத்துப் பூட்டின் சாவி என் கணவரிடம் இருக்கிறது என்று புளுகினேன். பொய் சொல்ல எனக்கு மட்டும் தெரியாதா என்ன?

மறுநாள் காலை மாமி கீரை வாங்குகிற சாக்கில் என்னைக் கீழே பிடித்தார்.

"அவர் எழுதாதேங்கோன்னு சொல்லியிருப்பாரே?"

"சொன்னார் மாமி."

"நீங்க எழுதுங்கோ. அவகிட்ட சொல்ல மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டுட்டார். என்னால வாயத் தெறக்க முடியாது. அவ தெரிஞ்சுண்டு கோச்சுக்கட்டும், அழட்டும், கோயம்புத்தூருக்குக் கூட்டிண்டு போறேன்னு நிக்கட்டும். அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஒண்ணும் தெரியாம சிரிச்சுண்டே பிளேன் ஏறிடப்படாது. அது பாவம்மா."

முளைக்கீரைக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார். நான் தெருவிலேயே நின்றேன். இத்தனை வருஷம் எழுதியதில் என் கதை இன்னொருவர் வீட்டை விற்க வைக்கவோ, விற்பதைத் தடுக்கவோ கூடியதாக இருந்ததே இல்லை. யாரும் படிக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது படித்துவிடுவார்களே என்று பயம்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

எழுத்தாளருக்கு மழை இலவசம். அனன்யா வந்து இறங்குவதற்கு முன்தினம் அடித்துப் பெய்ய வைத்தேன். கூரை செங்கல் நிறத்தில் மின்னியது. டாக்ஸியிலிருந்து இறங்கியவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மழை என் பேச்சைக் கேட்பதாக இருந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியே இருக்காது.

இன்னொன்றில் அனன்யா சாம்பல் நிறக் கூரையைப் பார்க்கிறாள், தார் தெரிகிற இடத்தைப் பார்க்கிறாள், கோயம்புத்தூருக்குப் போன் போட [போதும். எனக்கு இதில் விருப்பமில்லை.]

இனி வாசகர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் நல்லது. ஒரே ஒரு வாசகியிடம் பேச வேண்டியிருக்கிறது.

அனன்யா, இந்த இதழ் வரும்போது நீ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். உன் அப்பா கூரையில் ஏறினார். இறங்கினார். நடுவில் கொஞ்ச நேரம் இறங்க முடியாமல் இருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் தனியாக இல்லை. பக்கத்தில் ஒருத்தி இருந்தாள், கீழே ஏணியை ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான், மாடியில் அம்மா இருந்தாள், எதிரே நான் இருந்தேன். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. போதாது என்று நீ நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று. ஜமீலாக்கா கையசைத்ததாக மட்டும் முதலில் எழுதியிருந்தேன். அவருக்குப் பிறகு உன் அப்பாவும் கையைத் தூக்கினார். ஒரு கையால் ஜமீலாக்காவின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால். பயந்துபோன மனிதரின் கையசைப்பு, சின்னதுதான். ஆனாலும் உன்னைப் பார்த்துத்தான் அசைத்தார். நீ எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அது எந்தப் படத்திலும் வரப்போவதில்லை. நான் பார்த்தேன், அதனால் எழுதிவைக்கிறேன்.

ஏணி எங்கள் வீட்டில், நாகராஜ் கட்டிய கயிற்றோடு அப்படியே இருக்கிறது. உன் அப்பாவுக்கும் கொடுக்கவில்லை, உன் அம்மாவிடமும் திருப்பித் தரவில்லை. நீ வந்து மணியடித்தால் எடுத்துத் தருவேன். கடைசி வரியைத் தொடங்கி மட்டும் வைத்திருக்கிறேன். முடிக்க வேண்டியவள் நீ.

அனன்யா அந்த ஏணியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து